கோபுரம் முதல் சேரி வரை: ஒரு கோயில் நகரை நடந்து வாசித்தல்

பழைய நகரங்களின் கட்டடங்களைக் கையில் ஒரு வரைபடத்துடன் நடந்து காணும் 'மரபு நடை' இன்று கல்லூரி மாணவரிடையே பரவியுள்ளது. தூணின் பாணி, கோபுரத்தின் உயரம், கட்டிய மன்னனின் பெயர் ஆகியவற்றை அந்நடைகள் கற்பிக்கின்றன. இத்தெருவில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று இருந்தது என்பதை அவை பெரும்பாலும் கேட்பதில்லை. அக்கேள்வியின்றி எந்த நகரின் கட்டடக்கலையும் முழுமையாகப் புரியாது.

நடப்பதே இந்நாட்டில் போராடிப் பெற்ற உரிமை. 1924-ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணச் சட்டமன்றம், பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பயன்படுத்தத் தடையில்லை எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில் தொடங்கிய வைக்கம் போராட்டத்தின் கோரிக்கையும் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கும் உரிமையே. 1925-இல் அது முடிவுற்றபோது மூன்று பக்கத்துச் சாலைகள் திறக்கப்பட்டன. கிழக்குச் சாலை மட்டும் திறக்கப்படவில்லை. ஒரு சாலையின் திசைகூட சாதியால் அளக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு நடை

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் இவ்வாசிப்பைத் தொடங்கலாம். ஊரின் பெயரே கோயிலின் பெயர். ஒன்பது நிலை இராசகோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால் மூன்று சன்னதிகள் உள்ளன. சங்கரலிங்கர், கோமதி அம்மன் ஆகியோரின் சன்னதிகளுக்கு நடுவே, பாதி சிவனும் பாதி திருமாலுமான சங்கரநாராயணர் நிற்கிறார். ஆடித்தபசுத் திருவிழா கொண்டாடுவதும் இந்த இணைப்பையே. சைவ, வைணவப் பூசலுக்குக் கல்லில் எழுதப்பட்ட தீர்வு இக்கோயில்.

சாதிப் பிரிவினைக்கு அத்தகைய தீர்வு எழுதப்படவில்லை. தலபுராணத்தையே சான்றாகக் கொள்வோம். புன்னைவனத்தைக் காத்துவந்த காப்பறையன் ஒரு புற்றை வெட்டியபோது பாம்பின் வால் அறுபட்டது; அருகே இலிங்கம் தென்பட்டது. அவன் கொண்டுசென்ற செய்தியைக் கேட்டே உக்கிரபாண்டியன் கோயில் எழுப்பினான் என்கிறது கதை. இன்றும் பக்தர்கள் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெறுகின்றனர். அம்மண்ணை முதலில் தொட்டதாகப் புராணமே கூறுபவனின் பெயரில் ஒரு சாதியின் பெயர் ஒலிக்கிறது.

புராணம் அதோடு நிற்கவில்லை. காப்பறையன் உண்மையில் மணிக்கிரீவன் என்னும் தேவன் என்றும், சாபத்தால் இப்பிறவி எடுத்தான் என்றும் விளக்குகிறது. நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக்குள் ஏற்கப்பட்ட கதையோடு இதை ஒப்பிடலாம். ஒடுக்கப்பட்டவனின் பங்கை மறுக்க முடியாதபோது, அவனை வேறொருவனாக மாற்றிய பின்னரே கதை அவனை உள்ளே விடுகிறது. அவன் பெயரைச் சுமந்த மக்களுக்கோ, கோயிலுக்குள் நுழையும் சட்ட உரிமை 1947-ஆம் ஆண்டின் சென்னை ஆலய நுழைவு அனுமதிச் சட்டத்தின் வழியாகவே கிடைத்தது.

கோயிலிலிருந்து வெளியே வந்தால் ரதவீதிகள். தேர் செல்ல அகலமாக அமைந்த இத்தெருக்களே கோயில் நகரங்களின் எலும்புக்கூடு. மதுரையில் இதே அமைப்பு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என மாதப் பெயர்களுடன் அடுக்கடுக்காக விரிகிறது. நடுவில் இருக்கும் தெய்வத்திற்கு எவ்வளவு அருகில் வீடு அமைகிறதோ அவ்வளவு உயர்வு என்பதே இதன் இலக்கணம். 1939 சூலை 8 அன்று வைத்தியநாத ஐயரின் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றபோது, இந்த இலக்கணமே மீறப்பட்டது.

கல் சொல்லும் சாட்சி

இந்த ஒதுக்கல் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட வழக்கம் எனச் சிலர் வாதிடுவர். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர்களின் நில விவரங்களைக் கூறுமிடத்தில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்னும் சொற்களைப் பயன்படுத்துகின்றன. சங்க காலத்தில் மக்கள் கூடி வாழும் இடத்தைப் பொதுவாகக் குறித்த 'சேரி' என்ற சொல், எவ்வாறு சுருங்கியது என்பதற்கு அக்கோயிலின் சுவரே ஆவணம்.

ஆங்கிலேயர் எழுப்பிய நகரும் இதிலிருந்து விலகவில்லை. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர் நகரமும் வெளியே கறுப்பர் நகரமும் அமைந்தன. கறுப்பர் நகருக்குள்ளும் வலங்கை, இடங்கைச் சாதியினருக்கிடையே மோதல்கள் எழுந்தன. அவற்றைத் தொடர்ந்து, பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டை இடங்கையினருக்கும் உரியவையாயின. நிறத்தால் பிரித்த ஆட்சி சாதியால் பிரிப்பதையும் ஏற்றுக்கொண்டது. 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் சிவந்த குவிமாடங்களை வியந்து நோக்குவோர், அது எழுந்து நிற்பது பழைய கறுப்பர் நகரை இடித்த நிலத்தில் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எதைக் குறித்துக்கொள்வது?

இத்தகைய நடைக்கு வழிகாட்டி தேவையில்லை; சில கேள்விகள் போதும். தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது, எந்தத் தெருவுக்குள் வருவதில்லை? தெருவின் அகலம் எங்கே குறைகிறது? குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வடிகாலும் எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன? சுடுகாட்டுப் பாதை யாருடைய வாசலைக் கடக்கிறது? தேரையும் கோபுரத்தையும் எழுப்பிய கைகள் எங்கே குடியிருந்தன? விடைகளை ஊர் வரைபடத்தில் குறித்தால், எந்தச் சுற்றுலாக் கையேடும் அச்சிடாத கட்டடக்கலை வரலாறு கிடைக்கும்.

அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவு. எனினும் பெயர்ப்பலகை மாறுவதால் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடாது. அந்தத் தூரத்தை அடி அடியாக நடந்து அளந்து பதிவு செய்யும் பணி இளைய தலைமுறைக்கு உரியது. சங்கரன்கோவில் ரதவீதியிலிருந்தே அதைத் தொடங்கலாம்.