ஓடும் பிள்ளைக்கு உற்ற உணவு

வைகறைப் பொழுதில் சாமுண்டி மலையடிவாரம் சென்று பாருங்கள். ஆயிரம் படிகளையும் ஓடியே ஏறப் பயிலும் சிறுவர் சிறுமியரை அங்கே காணலாம். அவர்களுள் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. ஒரு தம்ளர் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டவர் அவர்களில் எத்தனை பேரோ! பிள்ளை களைத்துப்போனால் பெற்றோர் விலையுயர்ந்த சத்துமாவு டப்பாவைத் தேடி ஓடுகின்றனர். அதற்குமுன் நம் மைசூரிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியை நினைவுகூர்வோம்.

1950ஆம் ஆண்டில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. டாக்டர் வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். ஏழை மக்களுக்கு மலிவாகப் புரதச்சத்து அளிக்க விரும்பிய அந்நிலையத்தார், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கலந்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து, 'இந்தியப் பல்நோக்கு உணவு' என்பதை உருவாக்கினர். நிலக்கடலையில் குறைவாயுள்ள லைசின் என்னும் கூறு கொண்டைக்கடலையில் நிறைய உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

அது விளையாட்டு வீரருக்கென்று செய்யப்பட்டதன்று. எனினும் அது கற்பிக்கும் பாடம் அவர்களுக்கும் பொருந்தும். வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்வோருக்கு 1.2 கிராம் முதல் 2 கிராம் வரை வேண்டும் என்பர். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. அதனுடன் பொட்டுக்கடலை, பருப்பு, தயிர், முட்டை ஆகியவை சேர்ந்தால் வீட்டுச் சமையலே தேவையை நிறைவேற்றிவிடும்.

ஆனால் ஓடும் கால்களுக்கு முதன்மையான எரிபொருள் மாவுச்சத்தே. ஆகவே புறப்படுவதற்கு அரைமணி முன்னர் ஒரு வாழைப்பழமும் நீரும் கொடுங்கள். எண்ணெய்ப்பசை மிக்க நிலக்கடலை அப்போது வேண்டாம். அது செரிக்க நேரமாகும். திரும்பி வந்ததும் பால் கலந்த கேழ்வரகுக் கஞ்சியும் ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் தரலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வளரும் எலும்புக்கு அது உறுதி தரும்.

பெண்மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பருவமெய்திய சிறுமி பயிற்சியில் பின்தங்கினால், சோம்பேறி என்று கடிந்துகொள்ளாதீர்கள். இரத்தசோகை காரணமாயிருக்கலாம், மருத்துவரிடம் காட்டி இரத்தத்தைப் பரிசோதியுங்கள். கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு அருந்தும் காப்பியோ அதைத் தடுத்துவிடும். காப்பி நம் வீட்டு வழக்கம்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே அது இருக்கட்டும்.

டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் பிள்ளைக்கு நல்ல காலணி ஒன்று வாங்கலாமே!