ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு கன்டென்சர்

கோடை விடுமுறைக்கு ஜேடர்பாளையம் போயிருந்தபோது அக்கா மகன் தன் ரிமோட் காரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார். அதன் முனைகளில் ஒட்டியிருந்த மூன்று சின்ன வில்லைகளைக் காட்டி, "மாமா, இதெல்லாம் எதுக்கு? புடுங்கிப் போட்டாலும் கார் ஓடுதே" என்றான்.

ஓடும்தான். அவை கெப்பாசிட்டர்கள். கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பறக்கிற பொறி ரேடியோ இரைச்சலாகி, காரின் ரிசீவரையே குழப்பிவிடும். அந்த இரைச்சலை விழுங்குவதற்காக ஒன்றை இரு முனைகளுக்கும் குறுக்காகவும், மற்ற இரண்டை முனைக்கொன்றாக மோட்டாரின் உலோகக் கூட்டோடும் சேர்த்துப் பற்றவைப்பார்கள். சில மோட்டார்களில் ஷாட்கி டையோடும் உண்டு. மின்சாரம் நிற்கும் கணத்தில் காயில் திருப்பி உதைக்கும் அழுத்தத்துக்கு அது வடிகால். ஆனால் பின்னாலும் ஓடுகிற காரில் அதை வைக்கக் கூடாது. திசை மாறியதும் டையோடு வழியே நேரடி ஷார்ட் ஆகி, கன்ட்ரோலர் புகைந்துவிடும். காப்பதற்கென்று வந்த பொருள்தான், இடம் தவறினால் எரிக்கிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா வீட்டுத் தோட்டத்தின் மோட்டார் கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் கன்டென்சர்.

ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜா வாய்க்கால் பரமத்தி வேலூர் வட்டாரத்து வாழைக்கும் கரும்புக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் உயிர். வாய்க்கால் எட்டாத நிலத்துக்குக் கிணறும் போரும்தான். தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் அதிகமான விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்றானது 1990இல். மின்சாரம் இலவசமானாலும் மும்முனை மின்சாரம் நேரம் பிரித்தே வந்தது. மீதி நேரத்தில் இரண்டு முனை. காய்கிற பயிரைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? அப்போது வந்ததுதான் கன்டென்சர். அது மூன்றாவது முனை இருப்பதுபோல மோட்டாருக்குக் காட்டி, இரண்டு முனையிலேயே ஓடவைத்துவிடும்.

விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை அவரிடம் மறைப்பதும் துரோகம். கன்டென்சர் காட்டும் மூன்றாவது முனை ஒருபோதும் முழுதாகச் சமன் ஆகாது. ஒரு சுற்று கூடுதல் மின்சாரத்தை இழுத்துக் கொதிக்கும். அந்த ஏற்றத்தாழ்வைக் கண்டு மோட்டாரை நிறுத்துவதற்காகவே சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இருக்கிறது. அது இருந்தால் மோட்டார் ஓடாது என்பதால் அதன் வயரை ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். அக்கா வீட்டிலும் வயரிங்குக்கு வந்தவர் அப்படித்தான் செய்துவிட்டுப் போனார். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி டிரான்ஸ்பார்மரில் ஒரு பீஸ் போனது. விடிவதற்குள் மோட்டார் எரிந்திருந்தது. காயில் கட்டக் கொடுத்துவிட்டு, பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு அக்கா நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது.

"பீஸ்தான் இருக்கே" என்று பலரும் நம்புகிறார்கள். ஓடும் மோட்டாரில் ஒரு முனை அறுந்தால் மற்ற இரண்டில் மின்சாரம் ஏறக்குறைய 1.73 மடங்காகும். 5 எச்.பி. மோட்டார் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். அது 13 ஆம்பியர் ஆனாலும் 30 ஆம்பியர் பீஸ் அசையாது. காப்பாற்ற வேண்டியது ஓவர்லோடு ரிலே. அதன் திருகு மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரில் நிற்க வேண்டும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயில் சுற்றோடு சேர்ந்திருந்தால் அதில் 0.58 பங்குதான். அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று திருகைக் கடைசிவரை ஏற்றி வைத்திருக்கும் பெட்டிகளை நிறையப் பார்க்கிறேன்.

மோட்டார் போனால் மறுபடி கட்டலாம். உயிரை என்ன செய்வது? கன்டென்சர், ஸ்விட்சை நிறுத்திய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 415 வோல்ட் இணைப்பில் அதன் உச்சம் 587 வோல்ட் வரை போகும். வடிக்கும் ரெசிஸ்டர் இல்லாத கன்டென்சரை "மெயின் ஆஃப்ல இருக்கு" என்று தொடவே கூடாது. எர்த் கம்பியும் தனியே போதாது. எர்த்தின் தடை 20 ஓம் என்றால் 240 வோல்ட்டில் ஓடுவது 12 ஆம்பியர்தான். பீஸ் போகாது, மோட்டார் கூட்டிலும் போர் பைப்பிலும் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஈரக்காலோடு வால்வைத் திறக்கப் போகிறவருக்கு மின்கசிவு கண்டு துண்டிக்கும் சாதனம் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். போர் பைப்பை நியூட்ரலாக்கிக் கொட்டகை பல்பு எரிக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

கம்பிவேலையை மின் உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள்; ரசீது வாங்குங்கள். மோட்டார், ஸ்டார்ட்டர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பில்லும் கட்டாயம் கேளுங்கள். விவசாயியும் நுகர்வோரே என்பதை 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உத்தரவாதக் காலத்தில் குறைபாட்டால் எரிந்து கடைக்காரர் கைவிரித்தால், இரண்டு ஆண்டுக்குள் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் பிரிவென்டரை முறுக்கிவிட்ட பெட்டியோடு போனால் நம் பக்கம் வலுவிழக்கும்.

தாழ்வழுத்தம் இன்னொரு கொலையாளி. 415இல் 6 சதவீதத்துக்கு மேல், அதாவது 390 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது நம் குறையல்ல, மின்வாரியம் திருத்த வேண்டிய குறை. பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; மின்னகம் 94987 94987 எண்ணிலும் பதியுங்கள். தீராவிட்டால் மின் வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தந்த உரிமை இது. இலவச இணைப்பு என்பதால் கேட்கக் கூடாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அறுந்து கிடந்த கம்பியால் உயிர் போனால்? 1997இல் மத்தியப் பிரதேசத்தில் மழைநீரில் கிடந்த மின்கம்பியில் சைக்கிளில் போனவர் இறந்தார். யாரோ கொக்கி போட்டு மின்சாரம் எடுத்ததால் நேர்ந்தது என்றது மின்வாரியம். ஆபத்தான தொழிலை நடத்துகிறவரே பொறுப்பு என்று 2002இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதிசெய்தது. அதே சமயம், நம் கொட்டகையில் நாம் முறுக்கிவிட்ட வயரால் கூலிக்கு வந்தவர் இறந்தால், அலட்சியத்தால் மரணம் விளைவித்த வழக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில், நம்மீதே வரும்.

விபத்து நடந்தால் முதலில் மெயினை நிறுத்துங்கள், பிறகு 108. காவல் நிலையத்துக்கும் மின்வாரியத்துக்கும் உடனே சொல்லுங்கள். மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளர் விசாரிக்கலாம். அவர் வந்து பார்க்கும்வரை ஸ்டார்ட்டர் பெட்டியை, கருகியிருந்தாலும், யாரும் கழற்ற விடாதீர்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.