ஊரார் நடத்தும் சுற்றுலா
செட்டிநாட்டுச் சங்கங்களின் கவனத்திற்கு

வழிப்போக்கருக்கு இடமளித்தல் செட்டிநாட்டுக்குப் புதிய வழக்கமன்று. வீதியை நோக்கிய திண்ணை வீட்டாருக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. வெயிலில் நடந்து வந்தவன் கேளாமலே அமர்ந்து இளைப்பாறவும் கட்டப்பட்டது. காசிக்குச் சென்ற யாத்திரிகர்களுக்காக நகரத்தார் அங்கே சத்திரம் அமைத்தனர். இன்று நிலைமை திரும்பியிருக்கிறது. பல நாட்டவரும் நம்முடைய ஊர்களைக் காண வருகின்றனர். காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி ஆகிய ஊர்களின் வீதிகளில் காமிராவும் கையுமாக நடப்போரை அங்கத்தினர்கள் பார்த்திருப்பார்கள். இவர்கள் வருவதனால் நெசவாளிக்கும் விவசாயிக்கும் கிடைப்பது என்ன? அதைப் பெருக்கச் சங்கங்கள் செய்யத்தக்கது என்ன? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நாள் நிகழ்ச்சி

ஒரு முறை ஆய்வின் பொருட்டு நெசவாளர் சங்கம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கிய இருபது பேரும் தறியைக் காண விரும்பினர். முதிய அங்கத்தினர் ஒருவர் தறிக்குழியிலிருந்து எழாமலே, நாடா ஓடும் விதத்தையும், பாவும் ஊடையும் சேர்ந்து கட்டமாக விழும் விதத்தையும் அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினார். பார்த்தவர்களில் ஓர் அம்மையார் அங்கே மடித்து வைத்திருந்த கண்டாங்கிப் புடவை ஒன்றை விலைக்குக் கேட்டார். குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தார். உற்பத்திக் கூடத்தில் விற்பனை செய்யத் துணை விதிகளில் இடமில்லை, விற்பனை நிலையத்தில்தான் வாங்க வேண்டும் என்று நான் சொன்னேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, விற்பனை நிலையம் மூடியிருந்தது. அவர்கள் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுச் சென்றனர். வேறோர் ஊரின் கடையில் கண்டாங்கி என்ற பெயரில் விசைத்தறிப் புடவைகளை வாங்கினார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

வேன் போன பிறகு அம்முதியவர் என்னிடம், “அரைமணியில் நாலு விரற்கடை நெய்திருப்பேன், ஐயா. அந்தக் கூலியை யார் கணக்கில் எழுதுவது?” என்று கேட்டார். விதிப்படி நான் சொன்னது சரியே. ஆயினும் அவருடைய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விதி தடையாக நின்றால், அதை முறைப்படி திருத்திக்கொள்ளும் வழியை அன்றே நான் சங்கத்தாருக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தக் குறையை இங்கே ஓரளவு நிவர்த்தி செய்ய விரும்புகிறேன்.

இருவகைச் சுற்றுலா

சுற்றுலாவில் இரு வகை உண்டு. பெருந்திரளாக மக்களைக் கொண்டுவந்து இறக்கி, விரைவாகக் காட்டி, விரைவாகக் கொண்டுசெல்வது ஒரு வகை. இதில் வருமானத்தின் பெரும்பகுதி வண்டி அமர்த்துவோருக்கும், வெளியூர் ஏற்பாட்டாளருக்கும், பெரிய விடுதிகளுக்கும் போய்ச் சேரும். உள்ளூருக்கு மிஞ்சுவன குப்பையும், தண்ணீர்த் தட்டுப்பாடும், வாகன நெருக்கடியுமே. இதன் முடிவை அறிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் அளவு மீறிப் பெருகியதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை ஏற்பட்டது. 2025 ஏப்ரலில், நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டப்பட்டது. கூட்டத்தைச் சேர்ப்பது எளிது. சேர்ந்த பின் குறைப்பது மிகக் கடினம்.

மற்றொரு வகையில், எத்தனை பேர் வரலாம், எதைப் பார்க்கலாம், என்ன கட்டணம் என்பவற்றை ஊராரே முடிவு செய்கின்றனர். வருவோர் சிலரே, ஆனால் அவர்கள் நிதானமாகத் தங்கிப் பார்க்கின்றனர். கிடைக்கும் பணம் வேலை செய்தவர் கைக்கும் ஊர்ப் பொதுவுக்கும் போகிறது. எந்த நீரையும் மரத்தையும் பறவையையும் காண அவர்கள் வந்தார்களோ, அவற்றைப் பாதுகாக்கவும் அதில் ஒரு பங்கு செலவாகிறது. இதனையே சூழல் பேணும் சமூகச் சுற்றுலா என்கிறோம். உரிமையும் பொறுப்பும் லாபமும் பலருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்ற கூட்டுறவுத் தத்துவம் இதற்கும் அடிப்படையாகும்.

கண்முன் உள்ள முன்மாதிரிகள்

கோவை மாவட்டத்தில் பில்லூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் பரளிக்காடு என்னும் மலைவாழ் மக்கள் ஊர் இருக்கிறது. அங்கே வனத்துறையின் மேற்பார்வையில், முன்பதிவு செய்துகொண்டவர்களை மட்டும் அழைத்துச் செல்லும் சுற்றுலா நடைபெற்று வருகிறது. பரிசல் தள்ளுவோரும் அவ்வூரார். உணவு சமைத்துப் பரிமாறுவோரும் அவ்வூர்ப் பெண்களே. வேலைக்காக வெளியூர் செல்ல வேண்டியவர்களுக்குச் சொந்த ஊரிலேயே ஒரு வருமானம் இதனால் ஏற்பட்டது.

கேரளத்தின் குமரகம் விவசாயிகளுக்கு நல்லதொரு பாடம். காயலைக் காண வருவோருக்காகப் பெரிய விடுதிகள் பல அங்கே எழுந்தன. 2008இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தின்கீழ், விடுதிகளுக்கு வேண்டிய காய்கறி முதலியவற்றை உள்ளூர்க் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் விவசாயிகளும் விளைவித்துக் கொடுக்கத் தொடங்கினர். விடுதி பிறருடையதாக இருந்தாலும், அதன் அடுப்பங்கரைக்குச் செல்லும் பணத்தை ஊருக்குள்ளே நிறுத்த முடியும் என்பதை இது காட்டுகிறது.

நம்முடைய சிவகங்கை மாவட்டத்திலேயே வேட்டங்குடி இருக்கிறது. திருப்பத்தூருக்கு அண்மையில் உள்ள இக்கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நீர் நிறைந்த பருவத்தில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் இங்கே கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளாமல் இருக்கும்பொருட்டு, கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சட்டம் சொல்லுமுன்பே ஊர்க் கட்டுப்பாடு காத்த செல்வம் இது. சூழல் பேணுதல் என்பதை வெளியிலிருந்து வந்து யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

நம்மிடம் உள்ள பொருள்கள்

செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காண வருவோர் பெரும்பாலும் வீடுகளையே பார்த்துத் திரும்புகின்றனர். பர்மாத் தேக்குத் தூண்களோடு அவர்களுடைய வியப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்நாட்டில் உயிரோடு இயங்கும் தொழில்கள் பல உள. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையோலையில் பின்னும் செட்டிநாட்டுக் கொட்டானும் அக்குறியீடு பெற்றதே. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றித் தரைக்கல் செய்கின்றனர். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியின் வழியே வருவது. கவுனி அரிசி பயிரிடுவோர்க்கும் இதில் இடமுண்டு. விருந்தினர் இலையில் கவுனி அரிசிப் பொங்கல் விழுமானால், அவ்வரிசியில் இரண்டு கிலோ அவர்கள் பையிலும் ஏறும்.

ஊருணிகளையும் மறத்தல் ஆகாது. கூரையில் விழும் மழையை முற்றத்தில் இறக்கி, மிகுந்ததை வாய்க்கால் வழியே ஊருணியில் சேர்த்த ஏற்பாடு இவ்வறண்ட நாட்டின் அறிவுக்குச் சான்று. தூர்ந்த ஊருணியை யாரும் பார்க்க வரமாட்டார்கள். சீர்செய்த ஊருணி காண்போருக்குக் காட்சியாகவும் ஊருக்குத் தண்ணீராகவும் பயன்படும்.

ஒரு கணக்கு

பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று அரை நாள் தங்குவதாகவும், நபருக்கு 300 ரூபாய் கட்டணம் என்றும் கொள்வோம். மொத்த வரவு 3,000 ரூபாய். இதில் அரிசி, காய்கறி கொடுத்த விவசாய அங்கத்தினருக்கு 500, சமைத்துப் பரிமாறிய மகளிருக்கு 700, தறியை நிறுத்தி விளக்கிய நெசவாளர் இருவருக்கு 600, வழிகாட்டிய இளைஞருக்கு 400, துப்புரவுக்கு 200, ஊருணி நிதிக்கு 300, சங்கத்தின் சேமநிதிக்கு 300. ஆக 3,000. புடவை விற்பனை இதில் சேரவில்லை. அது தனி வரவு. இத்தொகைகள் எடுத்துக்காட்டே, அந்தந்தச் சங்கம் தன் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விளக்கிய நேரத்திற்குக் கூலி உண்டு என்பதை மட்டும் மாற்றுதல் கூடாது.

எச்சரிக்கை சில

முதலாவதாக, இது உபதொழிலே. விருந்தினரை நம்பித் தறியைக் கைவிடுதல் பெருந்தவறு. 2020இல் கொரோனா நோயால் பிரயாணம் முழுவதும் நின்றபோது, சுற்றுலா ஒன்றையே நம்பிய ஊர்கள் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். நெய்வதும் விளைவிப்பதும் முதல். காட்டுவது அதற்கு அடுத்தது.

இரண்டாவதாக, எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். ஒரு தறிக்கூடத்தில் ஒரு நாளில் எத்தனை பேர் நின்றால் வேலை கெடாது என்பதை நெசவாளர்களே சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, வீட்டாரின் சம்மதமின்றி வீட்டினுள் நுழைதலும் படம் எடுத்தலும் கூடா. வாழும் வீடு காட்சிசாலை அன்று. பழைய தூணையும் கதவையும் பெயர்த்து விற்றுப் பணம் பார்ப்பதையும் ஊரார் ஊக்குவித்தல் ஆகாது. ஒரு முறை விற்ற தூண் மறுமுறை வருமானம் தராது.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

துணை விதிகளில் இடமில்லாத காரியத்தைச் சங்கம் செய்தல் முறையன்று. ஆகையால் முதலில் நிர்வாகக் குழு விவாதித்து, மகாசபையில் தீர்மானம் நிறைவேற்றி, விதித் திருத்தத்தைப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாவதாக, கண்டாங்கி நெய்வோர் ஒவ்வொருவரும் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற பயனாளராகத் தம் பெயரைப் பதிவு செய்தல் நலம்; போலியை எதிர்க்க அது துணை செய்யும். மூன்றாவதாக, நெசவாளர் சங்கம், விவசாயிகள் சங்கம், மகளிர் குழு ஆகியவற்றின் பிரதிநிதிகளும் பஞ்சாயத்தாரும் சேர்ந்த சிறு குழு ஒன்று கட்டணத்தையும் பங்கீட்டையும் நிர்ணயிக்கட்டும். நான்காவதாக, வரவு செலவை மாதந்தோறும் சங்கப் பலகையில் எழுதி வைக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் கணக்கில் சந்தேகம் வளராது.

பெரிய முதல் இதற்குத் தேவையில்லை. ஒரு சங்கம், இரண்டு தறி, நான்கு வீட்டுச் சமையல், ஒரு சீரான ஊருணி ஆகியவற்றோடு மாதம் ஒரு நாள் தொடங்கினால் போதும். ஓராண்டு நடத்திப் பார்த்து, நஷ்டமெனில் நிறுத்திக்கொள்ளலாம், நன்மையெனில் பெருக்கலாம். அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாலு விரற்கடைக் கூலியை எழுத ஒரு பத்தி நம் கணக்குப் புத்தகத்தில் ஏற்படட்டும்.