விளக்கொளிக்கு விலை போடுவது எப்படி?

தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் பெரியாற்று நீர், லோயர் கேம்ப்பில் குழாய்கள் வழியே பாய்ந்து இறங்குகிறது. 1958 முதல் 1965 வரை அங்கே நிறுவப்பட்ட நான்கு மின்னாக்கிகளைச் சுழற்றியபின், அதே நீர் கூடலூர், கம்பம் வயல்களுக்குப் பாசனமாகிறது. எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாயிற்று என்பதை மீட்டர் காட்டிவிடும். அதனால் ஒரு கிராமம் அடைந்த நன்மை எவ்வளவு என்பதை எப்படி அளப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 60 ரூபாய்க்கு மண்ணெண்ணெய் எரித்த குடும்பம், இப்போது விளக்குக்காக அதே 60 ரூபாயை மின்கட்டணமாகக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒன்றுமில்லை. அப்படியானால் நன்மையும் இல்லையா? சாதாரணத் திரி விளக்கு தரும் ஒளி சுமார் 10 லூமென். 60 வாட் குண்டு பல்பு தருவதோ ஏறக்குறைய 700 லூமென். (லூமென் என்பது ஒளியை அளக்கும் அலகு.) ஒளி மலிவானதும் நாம் அதைக் கூடுதலாகப் பயன்படுத்துகிறோம். பிள்ளைகள் படிக்கிறார்கள், அம்மா இரவில் பூக் கட்டுகிறார். இவ்வளவு ஒளிக்கு அக்குடும்பம் எவ்வளவு வரை கொடுக்க முன்வரும்? உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே பொருளியலார் நன்மையாகக் கொள்கிறார்கள். 2002-இல் வெளியான, பிலிப்பைன்ஸ் கிராமங்களைப் பற்றிய உலக வங்கி ஆய்வு இம்முறையைக் கையாண்டது. இதில் ஒரு குறை உண்டு. மனமிருந்தும் மடியில் காசில்லாதவர் பெறும் ஒளி, இந்தக் கணக்கில் மதிப்புக் குறைந்துவிடுகிறது!

கமலை இறைத்த கிணற்றில் மோட்டார் பூட்டினால் விளைச்சல் எவ்வளவு கூடியது என்று கணக்கிடலாம். ஆனால் அடுத்த தோட்டத்துக் கிணறு வற்றினால் அந்த நட்டத்தையும் கழிக்க வேண்டும்.

மின்சாரம் உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஆற்றுநீர், சாலை, சந்தை எல்லாம் உள்ள ஊருக்குத்தான் பெரும்பாலும் மின்கம்பியும் முதலில் போகிறது. கம்பத்து வயலூர் ஒன்றையும் வருசநாட்டு மலைக் குடியிருப்பு ஒன்றையும் ஒப்பிட்டு, வருமான வித்தியாசம் முழுவதையும் மின்சாரத்தின் பேரில் எழுதினால், பெரியாற்று நீர் விளைவித்த நெல்லையும் அதன் பேரிலேயே எழுதியவர்களாவோம்.

இதற்குத் தென்னாப்பிரிக்காவை ஆராய்ந்த டாரின் டிங்கெல்மன் என்ற பொருளியலார் 2011-இல் ஒரு வழி காட்டினார். சரிவான நிலத்தில் மின்கம்பி இழுக்கச் செலவு அதிகம். ஆகவே சரிவு குறைந்த ஊர்களுக்கு மின்சாரம் முந்திச் சென்றது. மற்றபடி ஒத்த ஊர்களைச் சரிவை வைத்து ஒப்பிட்டபோது, மின்சாரம் வந்த இடங்களில் நூற்றுக்குச் சுமார் ஒன்பது பெண்கள் கூடுதலாக வேலைக்குச் சென்றது தெரிந்தது. விறகடுப்பு போய் மின்னடுப்பு வந்ததால் மிஞ்சிய நேரம் இதற்கு ஒரு காரணம். நம் கிராமங்களில் சமையல் பெரும்பாலும் விறகிலும் எரிவாயுவிலும்தான் நடக்கிறது. ஆகவே அந்த எண்ணை அப்படியே தேனிக்குப் பெயர்த்தெழுத முடியாது.