ஊருக்குப் போகும்போது பேட்டரியை எப்படி வைத்துவிட்டுப் போவது?

போன வாரம் ஒரு நேயர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "மகள் பிரசவத்துக்காக ஆறு மாசம் வெளிநாடு போறேங்க. லேப்டாப், கேமரா, பழைய போன் எல்லாத்தையும் பீரோவுல வெச்சுப் பூட்டப் போறேன். ஃபுல் சார்ஜ் போட்டு வைக்கவா, சார்ஜை இறக்கி வைக்கவா?"

ரெண்டும் வேண்டாம். பாதியில வையுங்க. 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

நானும் ஒரு காலத்தில் 'ஃபுல் சார்ஜ்' கட்சிதான். எங்க அப்பாவோட போனை அப்படித்தான் முழுசா ஏத்தி பரண்மேல் வைத்தேன். ரெண்டு கோடை கழிச்சு எடுத்தால், பேட்டரி வீங்கி பின்மூடியே தூக்கிக்கிட்டு நிற்குது. அவர் குரல் பதிவுகள் அந்த போனில் மட்டும்தான் இருந்தன. கடையில் பேட்டரியைப் பத்திரமாகக் கழற்றி வேற போட்டுத் தந்தார்கள், பதிவுகள் தப்பித்தன. அன்னைக்குத்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

வழக்கமான லித்தியம் அயான் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையில் அதன் கிராஃபைட் பக்கம் முழுக்க லித்தியம் நிரம்பியிருக்கும். நாம் தொடாவிட்டாலும் உள்ளே இருக்கும் திரவத்தோடு அது மெதுவாக வினை புரிந்துகொண்டே இருக்கும். அதில் லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகும். சில சமயம் வாயுவும் உண்டாகும். வீக்கம் அதனால்தான். சூடு கூடினால் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு இருக்கு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருஷம் வைத்தால், சுமார் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே இடத்தில் முழு சார்ஜோடு வைத்தால் 80தான். 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் 65க்கு வந்துவிடும். செல்லுக்கு செல் இது மாறும், ஆனால் போகும் திசை ஒன்றுதான். நம்ம ஊர் மே மாசத்தில் பூட்டிய வீட்டுப் பரண் எவ்வளவு கொதிக்கும்னு நான் சொல்லவே வேண்டாம்.

சரி, காலியாக வைத்தால் என்ன? சும்மா கிடந்தாலும் பேட்டரி தானாக இறங்கும். பாதுகாப்பு சர்க்யூட்டும் கொஞ்சம் குடிக்கும். ரொம்பக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு சார்ஜ் போட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அப்படிச் செத்த பேட்டரிக்கு வலுக்கட்டாயமாக உயிர் கொடுக்கப் பார்க்காதீங்க.

இன்வெர்ட்டர் பேட்டரியோடு இதைக் குழப்பிக்கக் கூடாது. அது லெட் ஆசிட். முழு சார்ஜில்தான் விட்டுவிட்டுப் போகணும். இல்லைன்னா தகட்டில் சல்ஃபேட் இறுகிடும். 'ஃபுல்லா ஏத்தி வை' என்கிற பழக்கம் அங்கே சரி, போனுக்குச் சரியில்லை.

அதனால் அந்த நேயருக்கு நான் சொல்வது இதுதான்:

முதலில் போட்டோ, குரல் பதிவு எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்க.

பாதி சார்ஜில் சுவிட்ச் ஆஃப் பண்ணுங்க. ஸ்லீப் மோட் போதாது. கேமரா பேட்டரியைக் கழற்றித் தனியாக, முனைகள் உலோகத்தில் படாமல் வையுங்க.

பரண் வேண்டாம், ஜன்னலோரம் வேண்டாம். வீட்டிலேயே குளுமையான, ஈரமில்லாத அறையில் கீழ்த்தட்டு நல்லது. ஃப்ரீசர் கூடவே கூடாது.

ஆறு மாசத்துக்கு மேல் ஆனால், யாரையாவது விட்டு மறுபடி பாதிக்கு ஏற்றச் சொல்லுங்க.

திரும்பி வந்து பார்க்கும்போது வீங்கியிருந்தால் அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜும் போடாதீங்க. குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துடுங்க.

பேரப்பிள்ளையைக் கொஞ்சிட்டு நிம்மதியா வாங்க, அம்மா. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.