புதிர்களும் நாமும்

படித்த பாடத்திலிருந்து கேட்டால் எழுதிவிடலாம். படிக்காததிலிருந்து கேட்டால் என்ன செய்வது? இந்த அச்சம் மாணவியராகிய நம் அனைவருக்கும் உண்டு. ஆனால் இன்று பல தேர்வுகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத கேள்விகளைக் கேட்கின்றன. ஐந்து பேர் வரிசையில் அமர்ந்தால் ஓரத்தில் இருப்பவர் யார்? படத்திலுள்ள சிறுவனுக்கு அந்தப் பெண் என்ன உறவு? அடுத்து வரும் எண் எது? இவற்றுக்கு மனப்பாடம் உதவாது. சிந்தித்தே விடை காண வேண்டும்.

எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் இத்தகைய கேள்விகளே பாதி. மனத்திறன் தேர்வு 90 கேள்விகள், படிப்பறிவுத் தேர்வு 90 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடங்கள். தேர்ச்சி பெற்றுத் தெரிவு செய்யப்படுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 உதவித்தொகை கிடைக்கும். 2008-இல் தொடங்கிய இத்திட்டத்தில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 1,00,000 பேருக்கும், அதில் நம் தமிழகத்தில் 6,695 பேருக்கும் இடமுண்டு. பள்ளிப் படிப்பு முடிந்த பின்னும் இக்கேள்விகள் நம்மை விடுவதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 கேள்விகளில் 25 இவ்வகையைச் சேர்ந்தவை. வங்கித் தேர்வுகளில் இதற்கெனத் தனிப் பகுதியே உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் எட்டாம் வகுப்பில் இத்தேர்வை எழுதினோம். எங்களுள் சிலருக்கு உதவித்தொகை கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களுள் ஒருத்தி எங்கள் வகுப்பிலேயே கணிதத்தில் முதலிடம் பெறுபவள். அவளுடைய அம்மா வீட்டில் துணி தைப்பவர். தையல் இயந்திரத்தின் தவணையை அடைத்துவிட்டு மீதியில் புத்தகங்கள் வாங்கலாம் என்று இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் தேர்வறையில் எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்த ஒரு கேள்வியில் அவள் சிக்கிக்கொண்டாள். விடாமல் போராடினாள். மணி அடித்தபோது கடைசி இரண்டு பக்கங்களை அவள் திருப்பிப் பார்க்கவே இல்லை. விடை தெரியாமல் அவள் தோற்கவில்லை. எப்படிப் பழக வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்களில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஆகவே இவ்வாண்டு எட்டாம் வகுப்புத் தங்கையருடன் மதிய இடைவேளைகளில் லூர்து மாதா கெபியின் அருகே அமர்ந்து பயிற்சி செய்தோம். அப்போது நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலாவது, உறுதியான குறிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கேள்வியைப் பாருங்கள். ரோஜா, மல்லிகா, தாமரை, முல்லை, அல்லி ஆகிய ஐவர் ஒரே பெஞ்சில் வடக்கு நோக்கி அமர்ந்துள்ளனர். ரோஜா ஓரத்தில் இல்லை. அல்லியும் ரோஜாவும் அடுத்தடுத்து இருக்கின்றனர். தாமரைக்கு வலப்பக்கத்தில் அடுத்தாற்போல் முல்லை இருக்கிறாள். தாமரை நடுவில் இருக்கிறாள். வலது ஓரத்தில் இருப்பவள் யார்?

முதல் குறிப்பிலிருந்து தொடங்கினால் ரோஜாவுக்கு மூன்று இடங்கள் வாய்க்கும், குழப்பமே மிஞ்சும். கடைசிக் குறிப்போ தாமரைக்கு ஒரே ஓர் இடத்தைத்தான் தருகிறது. ஐந்து கோடுகள் வரைந்து நடுக்கோட்டில் தாமரையை எழுதுங்கள். அவளுக்கு வலப்பக்கம் முல்லை. இப்போது இடப்பக்கம் இரண்டு இடங்களும் வலது ஓரத்தில் ஓர் இடமும் மீதி. அல்லியும் ரோஜாவும் அடுத்தடுத்து அமர வேண்டுமானால் இடப்பக்கத்தில்தான் முடியும். எனவே வலது ஓரத்தில் இருப்பவள் மல்லிகா. விடை வந்துவிட்டது! அல்லி முதலா, ரோஜா முதலா என்று நாம் இன்னும் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் தோழி சிக்கியது இங்கேதான். கேட்டது ஒரு பெயர். அவள் தேடியது எட்டுப் பெயர்கள்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஐவரும் வடக்கு நோக்கியிருந்தால் தாளில் அவர்களுடைய வலப்பக்கமும் நம் வலப்பக்கமும் ஒன்றே. தெற்கு நோக்கியிருந்தால் எல்லாம் தலைகீழாகும். ஐயம் இருந்தால் வகுப்பில் நம்மை நோக்கி நிற்கும் ஆசிரியையை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வலக்கை நமக்கு இடப்பக்கம் அன்றோ?

இரண்டாவது, உறவுக் கேள்விகள். படத்திலுள்ள சிறுவனைக் காட்டி ரீட்டா, "இவனுடைய தாய் என் தந்தையின் ஒரே மகள்" என்றாள். ரீட்டா அவனுக்கு என்ன உறவு? இதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். ரீட்டாவின் தந்தைக்கு ஒரே மகள் என்றால் அது ரீட்டாவே. ஆகவே அவள் அச்சிறுவனின் தாய்.

உறவுக் கேள்விகளில் தமிழ் பேசும் நமக்கு ஒரு நன்மை உண்டு. ஆங்கிலத்தில் மாமா, சித்தப்பா, பெரியப்பா ஆகிய மூவரும் 'அங்கிள்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். நாமோ சொல்லைக் கேட்டதுமே அவர் தாய்வழியா, தந்தைவழியா, தந்தைக்கு மூத்தவரா இளையவரா என்று அறிந்துவிடுகிறோம். ஆனால் அதுவே சில வேளை நம்மை ஏமாற்றும். நம் வீடுகளில் அத்தையே மாமியாராகவும் இருப்பதுண்டு. தேர்வில் அப்படி நாமாக எதையும் சேர்க்கக் கூடாது. கொடுக்கப்பட்டதை மட்டுமே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, முடிவு காணும் கேள்விகள். எங்களுக்கு மிகவும் பிடித்தவை இவையே. "எல்லா மல்லிகைகளும் மலர்கள். சில மலர்கள் சிவப்பு. ஆகவே சில மல்லிகைகள் சிவப்பு." இது சரியா? தங்கையர் அனைவரும் "தவறு" என்று ஒரே குரலில் கூவினர். பிறகு இதைக் கேட்டோம்: "எல்லா மல்லிகைகளும் மலர்கள். சில மலர்கள் மணமுள்ளவை. ஆகவே சில மல்லிகைகள் மணமுள்ளவை." உடனே "சரி" என்றனர். ஆனால் இரண்டும் ஒரே அமைப்புடையவை! முதலாவது தவறென்றால் இரண்டாவதும் தவறே. மணமுள்ள அந்தச் சில மலர்கள் ரோஜாக்களாகவும் இருக்கலாமே! மல்லிகை மணக்கும் என்பது நாம் தலையில் சூடி அறிந்த உண்மை. கொடுக்கப்பட்ட இரு வாக்கியங்களிலிருந்து பெறப்பட்ட உண்மை அன்று. முடிவு உண்மையாக இருப்பது வேறு, முறையாகப் பெறப்படுவது வேறு. மலர்களுக்கு ஒரு பெரிய வட்டம் வரைந்து, அதனுள் மல்லிகைக்கு ஒரு சிறு வட்டம் வரைந்து பார்த்தால் இது விளங்கும். இவ்வாறு வட்டங்களால் சிந்திக்கும் முறையை 1880-இல் விளக்கியவர் இங்கிலாந்தின் ஜான் வென் என்பவர். நம் கணிதப் புத்தகத்தில் வரும் வென் படம் அவர் பெயரால் வழங்குவதே.

நான்காவது, எண் தொடர். 2, 6, 12, 20, 30 என்பவற்றுக்கு அடுத்து என்ன? எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை எழுதுங்கள்: 4, 6, 8, 10. அடுத்த வேறுபாடு 12. ஆகவே விடை 42. இன்னொரு வழியும் உண்டு: 1×2, 2×3, 3×4, 4×5, 5×6, அடுத்து 6×7, அதாவது 42. இரு வழிகளிலும் ஒரே விடை வந்தால் மனத்தில் உறுதி பிறக்கும்.

ஐந்தாவது, நாட்காட்டிக் கணக்கு. 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. அடுத்த ஆண்டு அதே நாள் என்ன கிழமை? 365 நாட்களில் 52 வாரங்கள் போக ஒரு நாள் மீதி. ஆகவே சனி என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1948 லீப் ஆண்டு; இடையில் பிப்ரவரி 29 வருகிறது. மீதி இரண்டு நாட்கள், ஆகவே ஞாயிறு.

இவையெல்லாம் இக்காலத்துத் தேர்வுகளுக்காகப் பிறந்தவை என எண்ண வேண்டாம். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஓடத்தில் ஒவ்வொன்றாக அக்கரை சேர்த்த கதையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இதே புதிர் ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்னும் வடிவில் ஒரு பழைய இலத்தீன் தொகுப்பில் உள்ளது. கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் சார்லிமேன் மன்னரின் அரண்மனைப் பள்ளியில் கற்பித்த அல்குவின் என்ற திருத்தொண்டர் அதைத் தொகுத்தார் எனக் கருதப்படுகிறது. இளைஞரின் அறிவைக் கூர்மையாக்கும் கணக்குகள் என்பது அத்தொகுப்பின் பெயருக்குப் பொருள். ஆலிஸின் அற்புத உலகத்தைப் படைத்த லூயிஸ் கரோலும் ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியராக இருந்தவர். தருக்கத்தை விளையாட்டாகக் கற்பிக்க நூல்கள் எழுதியவர். அங்குள்ள பெண்கள் பள்ளியில் மாணவியருக்குத் தருக்கம் கற்பித்தவரும் ஆவார். புலியையும் ஆட்டையும் கரை சேர்க்க ஏழு முறை ஆற்றைக் கடக்க வேண்டும். அக்கரை சேர்த்த ஆட்டை ஒருமுறை திரும்பவும் இக்கரைக்குக் கொண்டுவர மனம் துணிந்தவருக்கே அது விடுபடும். முன்னேறுவதற்குச் சில வேளை ஓர் அடி பின்வாங்கவும் வேண்டும்.

இனி, பழகும் முறை. நாளொன்றுக்குப் பத்துக் கேள்விகள் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். முதல் மாதம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு விடைக்கும் காரணத்தைத் தோழிக்கு எடுத்துச் சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாத விடை, சரியாக இருந்தாலும், கற்றது ஆகாது. இரண்டாம் மாதம் முதல் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் கேள்விக்கு ஒரு நிமிடமே உண்டு. முதல் சுற்றில் எளியவற்றை முடியுங்கள். ஒன்றரை நிமிடத்தில் வழி தோன்றாத கேள்விக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே செல்லுங்கள். இரண்டாம் சுற்றில் அதற்குத் திரும்பி வரலாம். உதவித்தொகைத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆதலால் எதையும் வெறுமையாக விடலாகாது. வங்கித் தேர்வுகளில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு குறிக்கக் கூடாது. கேள்வியைத் தாண்டிச் செல்லும்போது ஓ.எம்.ஆர். தாளில் வரிசை எண்ணைச் சரிபார்க்க மறவாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும்" என்று சொல்லாதீர்கள். வேகத்தில் ஒருவருக்கொருவர் வேறுபாடு இருக்கலாம். ஆனால் தொடக்கத்தில் பத்தில் மூன்று சரியாகச் செய்த தங்கை ஒருத்தி, நான்கு மாதங்களில் எட்டுச் செய்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். அவளுக்குப் புது மூளை முளைக்கவில்லை. கேள்வியின் முகம் அவளுக்குப் பழக்கமாயிற்று. பயிற்சிப் புத்தகமும் சொல்லித் தர ஆளும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இப்பழக்கம் எளிதில் வருகிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை தன்னை அறிவில்லாதவள் என்று எண்ணிக்கொள்கிறாள். அவ்வெண்ணமே மிகப் பெரிய இழப்பு. தாலந்து உவமையில் மண்ணில் புதைக்கப்பட்ட தாலந்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். தனக்குத் தாலந்தே இல்லை என்று நம்பவைக்கப்பட்டவளின் நிலை அதனினும் துயரமானது அல்லவா?

எங்கள் தோழியைப் பற்றிச் சொன்னோமே! தங்கையருக்கு மற்ற எங்களைவிட அதிகம் கற்றுக்கொடுத்தவள் அவளே. தேர்வறையில் தான் செய்த பிழையை அவள் மறைக்கவில்லை; முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட்டாள். பயிற்சியில் யார் எந்தப் பிழை செய்தாலும் அதைக் காரணத்தோடு எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் தொடங்கினாள். அதன் முதல் பக்கத்தில் அந்த வட்ட மேசைக் கேள்வியைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். விடைக்கு எதிரே "இரண்டு நிமிடம் போதும்" என்ற குறிப்பும் இருக்கிறது.

இவ்வாண்டுத் தேர்வில் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று எங்களால் சொல்ல இயலாது. ஆனால் நேரம் போதாமல் கடைசிப் பக்கத்தைப் பாராமல் விட்டவர் எவரும் இல்லை என்று தங்கையர் வந்து சொன்னபோது நாங்கள் மகிழ்ந்தோம். நாங்கள் பொதுத் தேர்வு எழுதிவிட்டு இவ்வகுப்பை விட்டுச் சென்றாலும் அந்த நோட்டு நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டரிடம் இருக்கும். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவியர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் இன்னும் பாதிப் பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. உங்கள் பிழைகளையும் அதில் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வரும் தங்கையருக்கு அவை உதவும்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர்