உஷார்! அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள்

எச்.ஆர். கதவைச் சாத்திவிட்டு, "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க பிரதர், உங்க பேருக்கும் நல்லது" என்று குழைகிறாரா? பேனாவைக் கீழே வையுங்கள்.

அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு நடப்பில் இருக்கிறது. பேசிக் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை என்றால் மாதம் 5 திர்ஹாம்தான் கட்டணம். தொடர்ந்து 12 மாதம் கட்டியவருக்கு வேலை போனால் பேசிக்கில் 60 சதவீதம், மூன்று மாதம் வரை கிடைக்கும். கவனம், மொத்தச் சம்பளத்தில் அல்ல, பேசிக்கில். ராஜினாமா செய்தவருக்கோ ஒரு காசு கிடையாது. வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்காதவருக்கும் கிடையாது.

இது தெரிந்தவர்களே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "தூக்கிட்டாங்க" என்று சொல்ல நாக்கு கூசுகிறது; "நானே விட்டுட்டேன்" என்றால் கௌரவமாம். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயருக்குப் பக்கத்தில் துபாய், ஷார்ஜா, குவைத் என்று போட்டுக்கொள்கிற ஆட்களாயிற்றே நாம்! இங்கேயோ எமிரேட்ஸ் ஐடியிலேயே தொழிலையும் கம்பெனியையும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். வேலை போனால் நான் யார் என்று ஒருவருக்குத் திகைப்பு வருவதில் ஆச்சரியமில்லை.

வேலை போனதற்கப்புறம் நடப்பதுதான் ஆபத்து. காலையில் வழக்கம்போல் அயர்ன் செய்த சட்டை, கழுத்தில் பழைய டேக். பகல் முழுக்க மால் ஃபுட்கோர்ட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பது. ரூம்மேட்டுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. கிரெடிட் கார்டில் எடுத்து வழக்கமான தேதியில் வீட்டுக்குப் பணம் அனுப்புவார். கையெழுத்துப் போடாமல் நீக்கப்பட்டவருக்கும், விண்ணப்பிக்க வேண்டிய அந்த 30 நாள் இந்த நாடகத்திலேயே ஓடிவிடும். இந்த நேரம் பார்த்து, "விசா அப்புறம் பாத்துக்கலாம், நாளைக்கே ஜாயின் பண்ணுங்க" என்று எவனாவது கூப்பிட்டால் போகாதீர்கள். பெர்மிட் இல்லாத வேலை உங்களையே நாடு கடத்திவிடும்.

வீட்டில் முதல் நாளே சொல்லுங்கள். குடும்பம் உங்கள் விசாவில் இருந்தால் மறைக்கவும் முடியாது. உங்களுடையதை ரத்து செய்யுமுன் அவர்களுடையதை ரத்து செய்யவோ ஹோல்டில் போடவோ வேண்டும். ரத்துக்குப்பின் எத்தனை நாள் தங்கலாம் என்பது விசா வகையைப் பொறுத்தது. தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். சவுதி நண்பர்களே, அங்கே 'சானெத்' காப்பீடு குடிமக்களுக்கு மட்டும்தான். கையில் சேமிப்பு இல்லாமல் இருக்காதீர்கள்.

நீக்குவதானால் எழுத்தில் கேளுங்கள். அமீரகச் சட்டப்படி பொதுவாகக் குறைந்தது 30 நாள் நோட்டீஸ் உண்டு. கேன்சலேஷன் தாளில் காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்கிற வரியும் அதில் இருக்கும். பணம் கணக்கில் ஏறாமல் அதில் கை வைக்காதீர்கள்.